அவள் போடாத முடிச்சு

அது அவள் போட்ட முடிச்சு இல்லை.

தோட்டத்து ஜீப்பு ஆட்களை இறக்கிவிட்டுப் போனபோது மணி ஆறரை. குரங்கணி மலையில் பெய்த மழையின் ஈரக்காற்று போடியின் கடைசித் தெரு வரை இறங்கி, அந்த ஓட்டு வீட்டுக்குள்ளும் மண் வாடையோடு நின்றது. விரல்களில் ஏலக்காய் மணம் போகாமலே அமுதவள்ளி கட்டிலருகே குனிந்து, ஒன்றரை வயது மகன் மனோஜின் இடுப்பில் சுற்றியிருந்த பழைய சேலையைத் தடவிப் பார்த்தாள். மறுமுனை கட்டில் காலில் இருந்தது. காலையில் அவள் போட்டது சாக்கு வாயைக் கட்டும் முடிச்சு. இடுப்பை இறுக்காது, ஆனால் இழுக்க இழுக்க முடிச்சு இறுகும், சேலை தளர்ந்திருந்தால்தான் அவிழ்க்க முடியும். இப்போது இருந்தது பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளை போடும் ரிப்பன் கட்டு, இரண்டு காது வைத்து.

பக்கத்து வீட்டு ஜக்கம்மாள் மாற்றிக் கட்டியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள். பகலில் மூன்று தடவை வந்து சோறூட்டிப் போவதாக ஒப்புக்கொண்டவள். பிள்ளையின் தலை ஈரமாக வகிடெடுத்துச் சீவியிருந்தது. முகர்ந்தால் பாசி வாடை அடித்தது.

பிள்ளையைக் கட்டிப்போட்டு வேலைக்குப் போகிறவளைத் தெரு என்ன பேசும் என்று அவளுக்குத் தெரியும். பேசட்டும். புருஷன் வீரணன் போர் போடும் லாரியோடு ஆந்திராவில் கிடக்கிறான். தோட்டத்துக்குக் கைப்பிள்ளையோடு வரக்கூடாது. பால்வாடியில் இரண்டு வயது நிறையட்டும் என்றுவிட்டார்கள். எட்டு மாதத்துக்கு முன்புவரை காவலுக்கு ஏழு வயது மகள் பவதாரணி இருந்தாள். தம்பியின் பால் டம்ளரைக் கழுவப் பின்வாசல் தண்ணீர்த் தொட்டிக்குள் எட்டிக் குனிந்தவள் தலைகீழாக விழுந்தாள். மாலை ஜீப்பு வரும்வரை யாருக்கும் தெரியவில்லை.

அதற்கப்புறம் நர்சம்மா வந்து ஒரு நோட்டீசைக் கொடுத்துப் பொறுமையாகச் சொல்லிவிட்டுப் போனார். தொட்டிக்கு மூடி போட்டுப் பூட்ட வேண்டும். கத்தி, அரிவாள்மனை, தீப்பெட்டி எல்லாம் எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். அமுதவள்ளி ஒன்று விடாமல் செய்தாள். தொட்டிக்கு இரும்பு மூடியும் பூட்டும், கீழே ஒரு குழாயும் வைத்தாள். வெட்டுகிறது எல்லாம் டிரங்குப் பெட்டிக்குள், பெட்டி பரண்மேல். நோட்டீசில் படம் கூடப் போட்டிருந்தார்கள். படத்தில் அம்மா வீட்டிலேயே இருந்தாள்.

எட்டு மாதம் வீட்டோடு இருந்துவிட்டு, இந்தத் திங்கட்கிழமைதான் மறுபடி ஜீப்பு ஏறியிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை மாலையும் ரிப்பன் கட்டுத்தான். சேலை நீண்டிருந்தது. நுனியில் ஒரு பாவாடையை முடிந்து, அதன் முனையைக் கட்டில் காலில் கட்டியிருந்தார்கள். பூப்போட்ட சின்னப் பாவாடை. அதைத் துணி மூட்டைக்கு அடியில் வைத்திருந்ததாக அவளுக்கு ஞாபகம். பிள்ளை வாசற்படி வரை தவழ்ந்து போய்ப் பின்வாசலைப் பார்த்துச் சிரித்தான். புதிதாக ஒரு சொல் சொன்னான்.

"அக்கா."

அந்தச் சொல்லை அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. அந்த வீட்டில் அதைச் சொல்வதையே விட்டிருந்தார்கள். அன்று ராத்திரி பிள்ளையை அணைத்துப் படுத்து, ஜக்கம்மாள்தான் சொல்லிக்கொடுத்திருப்பாள் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

புதன்கிழமை ஜீப்பிலிருந்து இறங்கியதும் நேரே ஜக்கம்மாள் வீட்டுக்குத்தான் போனாள். ஜக்கம்மாள் போர்வைக்குள் சுருண்டு படுத்திருந்தாள்.

"மதினி, பிள்ளைய நீங்கதான மாத்திக் கட்டுறீக?"

"நான் மூணு நாளா வரலையே அமுதா. காய்ச்சல்ல கெடக்கேன். உள்ள பொம்பளப்புள்ள பேச்சு கேட்டுச்சு. சோலிக்குப் போறவ ஆளு வச்சிருக்கான்னு இருந்துட்டேன்."

திங்கட்கிழமை விடிகாலை ஞாபகம் வந்தது. தெருமுனையில் ஜீப்பு ஆரன் அடித்தது. கதவைச் சாத்தும்போது, எத்தனையோ மாதம் மகளிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், வெறும் வீட்டைப் பார்த்துத் தானாகச் சொன்னது: தம்பியப் பாத்துக்க ஆத்தா.

நேற்றும் சொன்னாள். இன்றைக்கும்.

ஓடினாள்.

வீட்டுக்குள் இருட்டு கட்டியிருந்தது. பிள்ளை கட்டிலடியில் இல்லை. கட்டில் காலில் சேலையும் இல்லை. பின்கதவு திறந்து கிடந்தது.

பின்வாசலில் நின்றுகொண்டிருந்தான் மனோஜ். நேற்றுவரை பிடிக்காமல் நிற்கத் தெரியாத பிள்ளை. ஒரு கீறல் இல்லை. சாப்பிட்ட வாய் துடைத்திருந்தது. இடுப்பிலிருந்து சேலை, சேலையிலிருந்து பாவாடை, பாவாடையிலிருந்து அமுதவள்ளியின் பழைய தாவணி. அந்தத் துணி முற்றத்தைக் கடந்து தொட்டி மேல் ஏறி, பூட்டிய மூடியின் இடுக்குக்குள் போயிருந்தது.

துணி விறைப்பாக இருந்தது.

வாரி எடுத்து அணைத்துக்கொண்டு இடுப்பைத் தடவினாள். ரிப்பன் கட்டு இல்லை. சாக்கு முடிச்சு. அம்மா போடுவதைத் தினமும் பார்த்துக் கற்றுக்கொண்ட முடிச்சு. நகம் பெயர இழுத்தாள். இறுகியது. பல்லால் கடித்தாள். பாசி ருசித்தது.

அறுக்க வேண்டும். கத்தி பெட்டியில். பெட்டி பரண்மேல். பரண் ஏறப் பிள்ளையை விட வேண்டும்.

ஜக்கம்மாளைக் கூப்பிட வாயைத் திறந்தாள். காற்றாக ஒன்றுதான் வந்தது.

"போதும் ஆத்தா. விட்டுரு."

துணி கொஞ்சம் தளர்ந்தது. தொட்டிக்குள் தண்ணீர் அலம்பியது. பிறகு, எட்டு மாதத்துக்கு முன்புவரை காலை தோறும் அவள் கேட்ட அதே குரல், சமர்த்தாக.

"ஜீப்பு வந்திரும்மா. நீ வெரசாப் போ. நான் பாத்துக்கறேன்."

மனோஜ் கை தட்டிச் சிரித்தான். முடிச்சில் விரல் நுழைப்பதற்குள் துணி மறுபடி விறைத்து இழுத்தது. அவள் குதிகாலை மண்ணில் ஊன்றினாள். குதிகால் சறுக்கியது.

பூட்டு பூட்டியபடியே இருந்தது. மூடியின் இடுக்கு வழியாகத் தாவணி முழுக்க உள்ளே போய்விட்டது. பூப்போட்ட பாவாடை சாண் சாணாகப் போய்க்கொண்டிருந்தது.