முப்பத்தெட்டு கிலோ

உலக சரித்திரத்தில் பொறிக்கத்தக்க தீர்மானம் ஒன்று சென்ற ஞாயிற்றுக்கிழமை மூன்று கண்டங்களில் ஒரே நேரத்தில் நிறைவேறியது. ஹூஸ்டனிலிருந்து மூத்த மகன் ஸ்ரீநிவாஸ் முன்மொழிய, சிங்கப்பூரிலிருந்து மகள் மாளவிகா வழிமொழிய, பெர்லினிலிருந்து இளையவன் கொட்டாவியோடு தலையசைக்க, திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்து வீட்டில் பேச்சும் கைகாலும் போய்க் கிடக்கும் தாயார் லலிதாம்பாளை இனி இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது என்று முடிவாயிற்று. தீர்மானத்துக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு, தலைமாட்டில் ஒட்டவும் உத்தரவாயிற்று. ஒட்டியவள் ஹோம் நர்ஸ் சரோஜம். பதினோரு மாதமாக அப்படிப் புரட்டிக்கொண்டிருப்பவளும் அவள்தான். அதை யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

இன்று, மழை இருட்டிக்கொண்டு நின்ற மத்தியானம், மூன்று மணிக்குப் புரட்டும்போது லலிதாம்பாள் மாமி கனத்தாள்.

மாமியின் எடை முப்பத்தெட்டு கிலோ. தோளுக்கு ஒரு கை, இடுப்புக்கு ஒரு கை கொடுத்து, "மாமி, வலப்பக்கம் சாயப் போறோம், பயப்படண்டாம்" என்று சொல்லி முடிப்பதற்குள் உலர்ந்த சேலை போலத் திரும்பிவிடுவாள். இன்று சரோஜம் முழங்காலைக் கட்டிலில் ஊன்ற வேண்டியிருந்தது. தூங்காத உடம்பு, அதுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

அவளைத் தூங்கவிடாதது ராத்திரி சொந்த ஊர் திங்கள்சந்தையிலிருந்து வந்த போன். அங்கே சரோஜத்தின் அம்மையும் ஒரு கட்டிலில்தான் கிடந்தாள். முப்பது வருஷம் அண்டியாபீஸில் முந்திரிக்கொட்டை உடைத்தவள். கொட்டைத் தோட்டின் எண்ணெய் பட்டுப் பட்டு விரல் நுனிகள் கரியாகி, ரேகை அழிந்த கை. பக்கத்து வீட்டு சுசீலாபாய்தான் கஞ்சி ஊற்றினாள்.

"ஒத்தையில என்னால பொரட்ட முடியாதுட்டி," என்றாள் சுசீலாபாய். "ஒனக்க அம்மைக்க கனம் ஒனக்குத் தெரியாதா? மூணு நாளா ஒரே கெடப்பு. முதுகு பொத்துப்போச்சு. மத்தப் பக்கம் போடு, மத்தப் பக்கம் போடுன்னு ஒன்னத்தான் விளிக்கா."

மூன்றேகாலுக்கு சரோஜம் லீவும் மாற்றாளும் கேட்டு ஏஜென்சியைக் கூப்பிட்டாள். "பகரம் ஆளில்லா, சேச்சி," என்றான் மேனேஜர் ஜெயகுமார். "ரெண்டு திவசம் ஒண்ணு அட்ஜஸ்ட் செய்யணும்."

"நாலு நாளா இதையேதான் சொல்லுதியரு சாரே. என் அம்மையும் மனுசிதான்."

"அது செரிதன்னே. பக்ஷே அம்மை நம்ம கிளையண்ட் அல்லல்லோ."

தம்பானூரில் பஸ் ஏறினால் திங்கள்சந்தைக்கு இரண்டரை மணி நேரம். மாமியை விட்டுவிட்டு ஏறலாம். ஏறினால், மாமியைப் புரட்ட மூன்று கண்டங்களிலும் ஒரு கை கிடையாது.

நான்கு மணிக்கு மழை இறங்கியதும் கரண்ட் போயிற்று. மின்விசிறி நின்றதும் அந்த வாடை மேலே வந்தது. டெட்டாலுக்கும் பவுடருக்கும் அடியில், பழுத்த புண்ணின் இனிப்பு வாடை. அதோடு இந்த அக்ரஹாரத்து வீட்டில் வர நியாயமே இல்லாத, சுட்ட முந்திரித் தோட்டின் காரல். சரோஜம் போன் வெளிச்சத்தில் மாமியின் ஜாக்கெட்டை விலக்கி அங்குலம் அங்குலமாகப் பார்த்தாள். ஒரு சிவப்புக்கூட இல்லை. பதினோரு மாதத்தில் அவள் சம்பாதித்த ஒரே பெருமை அந்த முதுகு. வெதுவெதுப்பான துணியால் துடைத்து, பவுடர் போட்டு, மூடினாள். வாடை போகவில்லை. நடுமுற்றத்தில் ஓட்டு நீர் விழும் சத்தத்துக்கு நடுவே யாரோ மெல்ல முனகுவது போலவும் இருந்தது. மாமியின் உதடுகள் மூடித்தான் கிடந்தன.

ஐந்து மணி.

"மாமி, இடப்பக்கம் சாயப் போறோம்."

கை கொடுத்தாள். அசையவில்லை. தோள் அகலமாக இருந்தது. இடுப்பைச் சுற்றி அவள் கை எட்டவில்லை. பல்லைக் கடித்துத் தூக்கினாள், கட்டில் முனகியது. உடம்பு ஒருக்களித்துச் சுவர்ப் பக்கம் சாய்ந்தது. அவளுடைய உள்ளங்கை மட்டும் ஈரத்துக்குள் போயிற்று.

முதுகு திறந்திருந்தது. கை நுழையும் அளவுக்கு.

அது மாமியின் வெளுத்த முதுகு இல்லை. கறுத்த, பெரிய, உழைத்த முதுகு.

சரோஜத்துக்கு அந்த முதுகைத் தெரியும். அதில் சாய்ந்துதான் அவள் வளர்ந்தாள்.

தலை திரும்பவில்லை. பின்னால் ஒரு கை மட்டும் வந்து, அவள் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தது. குளிர்ந்த கை. விரல் நுனிகள் கரி.

"மக்கா," என்றது சுவரைப் பார்த்த வாய். "மத்தப் பக்கம்."

புரட்டினாள். அந்தப் பக்கமும் புண்.

"மத்தப் பக்கம் மக்கா."

"போடுதேன் எம்மா. இப்பப் போடுதேன்."

புரட்டினாள். மறுபடி புரட்டினாள். படுக்கவைக்க ஒரு பக்கம் மிச்சமில்லை. விரிப்பு நனைந்து, மெத்தை நனைந்து, அவள் முழங்கை வரை நனைந்தது. மாமி எங்கே என்று தெரியவில்லை. பிடித்த கை விடவில்லை. மத்தப் பக்கம். மத்தப் பக்கம். அழுதுகொண்டே புரட்டினாள்.

மேசைமேல் போன் சத்தமில்லாமல் எரிந்து அணைந்தது. சுசீலாபாயிடமிருந்து நாலே முக்காலிலிருந்து ஏழு அழைப்புகள். அவற்றுக்கு மேல் ஏஜென்சியின் செய்தி.

லீவு பாஸாகியிருந்தது, நாளை முதல் இரண்டு நாள்.