நஞ்சுக்கு உரிய வாக்கு

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எங்கள் ஊரில் எல்லோரும் திட்டக்கூட்டத்துக்கு வந்து விரலை நீட்டுவோம். நச்சுமானி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, உடம்பில் எவ்வளவு குரோமியம் என்று பார்த்து, அதற்கேற்ப வாக்குக்கு எடை போடும். மூடிக்கிடக்கும் தோல் தொழிற்சாலை நிலத்தை என்ன செய்வது என்பதை, அந்த மண் யாரைத் தின்றதோ அவர்களே தீர்மானிக்க வேண்டுமாம். சட்டம் வந்த அன்று பட்டாசு வெடித்தோம். நல்ல சட்டம்தான், இப்போதும் அப்படித்தான் சொல்வேன்.

கம்பெனிக்காரர்கள் கெட்டிக்காரர்கள். அவர்களுக்கு அந்த நிலத்தில் கான்கிரீட்டைக் கொட்டிக் கிடங்கு கட்ட வேண்டும். எங்களுக்கு மண்ணைச் சுத்தம் செய்து, ஏரியை மீட்டு, வீடு கட்ட வேண்டும். அவர்கள் சண்டைக்கே வரவில்லை. ஊர் நடுவில் பந்தல் போட்டு இலவசமாகக் குருதிச்சலவை செய்தார்கள். ரத்தம் சுத்தமானால் வாக்குக்கு எடை இல்லை. பிள்ளைகுட்டிக்காரர்கள் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

என் தங்கை தபீத்தாவை நான்தான் அங்கே இழுத்துப் போனேன். முதல் குழந்தையை இந்தத் தண்ணீருக்குப் பறிகொடுத்தவள், இப்போது மறுபடி நிறைமாதம்.

இன்று கடைசி வாக்கெடுப்பு. தபீத்தா விரலை நீட்டினாள். சுவர்ப் பலகையில் அவள் எண் ஏறிக்கொண்டே போனது. கூடத்திலேயே அதுதான் அதிகம். எல்லோரும் கைதட்டினார்கள். நான் அவள் தோளைப் பிடித்துத் திருப்பினேன்.

"சலவை பண்ணிட்டுத்தானடி வந்த? என்ன பண்ணித் தொலைச்ச?"

"ஃபேக்டரி போர் தண்ணி அக்கா. தெனமும் குடிச்சேன்."

"பைத்தியமாடி உனக்கு? வயித்துல புள்ளய வெச்சுக்கிட்டு..."

"இது பொறந்து எந்தத் தண்ணியக் குடிக்கும்? மண்ண அப்படியே மூடிட்டா, அந்த விஷம் நம்ம கெணத்துக்குத்தான வரும்?"

ஓங்கி அறையலாம் போலிருந்தது. கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது.

அப்படியும் சட்டம் கேட்ட எடைக்கு எங்களுக்குக் கொஞ்சம் குறைந்தது. கம்பெனி வக்கீல் சிரித்தபடி எழுந்தார். அதற்குள் திட்ட அலுவலர் கலையரசி நச்சுமானியோடு தபீத்தாவிடம் வந்தார்.

"நேரா நில்லும்மா. பாதிக்கப்பட்ட ஒவ்வொரு உயிருக்கும் வாக்கு உண்டு. வயித்துல இருக்கறதுக்கும் சேர்த்து நீதான் போடணும்."

கருவியை வயிற்றில் வைத்தார். தபீத்தாவின் பெயருக்குக் கீழே புதிதாக ஒரு வரி வந்தது. பெயர் இல்லை, எண் மட்டும். அவளுடையதைவிடப் பெரிய எண்.

ஜெயித்துவிட்டோம். கூடமே எழுந்து ஆர்ப்பரித்தது. என் கணவர் யாரையோ தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார். தபீத்தா மட்டும் பலகையையே பார்த்தபடி நின்றாள். பிறகு என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, அந்த நம்பரக் கொஞ்சம் கொறைக்கச் சொல்லேன்" என்றாள்.