கூகைத்திட்டின் மஞ்சள் அம்புகள்

காவல் கோபுரத்தின் உச்சியில் தொலைநோக்கியில் கண்ணைப் பதித்து நின்ற நசீமா திடீரென்று பேச்சை நிறுத்தினாள். அவள் வாய் ஓய்வது லேசுப்பட்ட காரியம் இல்லை. காரைத்துறைப் பூங்காவுக்கு வருகிறவர்களுக்குப் பறவை காட்டுவது அவள் வேலை. பறவையே இல்லாத நாளிலும் ஒரு மணி நேரம் பேசிச் சமாளித்துவிடுவாள். அப்படிப்பட்டவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதும், டிக்கெட் கவுன்டரைப் பூட்டிவிட்டு மேலே ஏறி வந்த கோகிலவாணி படியிலேயே நின்றுவிட்டாள்.

"கோகி, இங்க வா. கூகைத்திட்டுல அந்தக் கரும்பாறையப் பாரு. மஞ்சளா ஏதாச்சும் தெரியுதா?"

கோகிலவாணி பார்த்தாள். பங்குனி வெயிலில் ஏரி பாதியாக வற்றிக் கிடந்தது. மழைக்காலத்தில் தீவாக நிற்கும் கூகைத்திட்டு, இப்போது நீளமான ஒரு சேற்று வரப்பால் கரையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. எட்டு மாதம் தண்ணீருக்குள் மூழ்கியிருந்து இப்போதுதான் வெளியே வந்திருந்த பாறை ஒன்றில், ஒரு மஞ்சள் அம்பு.

"எங்கண்ணன் போட்டது," என்றாள். சொல்லிவிட்டு மறுபடியும் தொலைநோக்கியில் கண்ணை வைத்தாள்.

அவள் அண்ணன் தெய்வசிகாமணியைத் தெரியாதவர்கள் அந்தப் பக்கத்தில் கிடையாது. பூங்காவை ஒட்டிய சரணாலயத்தின் எல்லையில் இருக்கிற மூங்கில் காட்டு நடைபாதை, ஏரிக்கரைத் தடம், கோபுரத்துக்கு ஏறும் வழி எல்லாமே அவன் நடந்து நடந்து போட்டவை. ஒரு கையில் மஞ்சள் பெயின்ட் டப்பா, மறு கையில் பிரஷ். வருகிறவர்கள் வழி தவறக் கூடாது என்று பாறைக்குப் பாறை அம்பு போடுவான். ஐந்து தடங்களை முடித்தவன், போன ஆடியில் ஆறாவது தடத்துக்கு இடம் பார்த்து வருகிறேன் என்று பரிசலை எடுத்துக்கொண்டு கிளம்பினான். எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை. அவன் என்றைக்குச் சொல்லிவிட்டுப் போனான்? அன்று ஏரிக்கு மேலே மலையில் இருக்கிற அணையைத் திறந்துவிட்டார்கள். மறுநாள் விடிந்தபோது பரிசல் மட்டும் ஏரி அணையின் மதகில் கவிழ்ந்து கிடந்தது.

ஆறு நாள் தேடினார்கள். இருந்தவை இரண்டே இரண்டு விசைப்படகுகள். இரண்டும் மதகுக்கு முன்னால் இருந்த ஆழத்தையே கொக்கி போட்டுத் துழாவின. கோகிலவாணியும் அவள் அம்மா பழனாத்தாளும் அணைமேட்டில், கொட்டுகிற மழையில் உட்கார்ந்திருந்தார்கள். மாறி மாறிப் படகுத்துறைக்கு இறங்கி விசாரித்து வருவதைத் தவிர, அந்த இடத்தை விட்டு அசையவில்லை. அவன் போன மூன்றாம் நாள், கோகிலவாணி படகுத்துறையில் தனியாக நின்றபோது வனக்காவலர் மசணன் அவளிடம் வந்து, ஒரு படகை அரை நாள் விட்டால் திட்டுகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று கேட்டார். அவள் கத்தினாள். "பரிசல் இங்கதான கெடக்குது? அவன் இங்கதான் இருப்பான். ஒரு படகக்கூட நகத்த விடமாட்டேன்." அவள் அழுத அழுகையைப் பார்த்து அதிகாரிகளும் சரி என்று விட்டுவிட்டார்கள்.

உடலும் கிடைக்கவில்லை, ஆளும் வரவில்லை. இன்றைக்கும் தெருவில் பைக் சத்தம் கேட்டால் பழனாத்தாள் எழுந்து நிற்பாள். அவன் என்ன ஆனான் என்று தெரியாமல் அந்த வீட்டில் ஒரு வாய் சோறு நிம்மதியாக இறங்கியதில்லை.

இப்போது அந்த அம்பு சொல்வது ஒன்றுதான். பரிசல் நடு ஏரியில் கவிழவில்லை. அவன் கூகைத்திட்டில் இறங்கியிருக்கிறான்.

மறுநாள் விடியலில் மூன்று பேரும் கிளம்பினார்கள். முன்னால் மூங்கில் கழியோடு மசணன், நடுவில் கோகிலவாணி, பின்னால் முதுகுப்பையும் தொலைநோக்கியுமாக நசீமா. சேற்றில் படகு ஓடாது, நடந்துதான் ஆகவேண்டும். வெயில் ஏறினால் அந்த வரப்பின் வழியாகத்தான் யானைகள் தண்ணீருக்கு இறங்கும். அதற்குள் போய்த் திரும்பிவிட வேண்டும் என்று ரேஞ்சர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

"நான் மிதிச்ச எடத்துலயே மிதிங்க," என்றார் மசணன். "காஞ்ச மாதிரித் தெரியும். உள்ள கொழகொழன்னு இருக்கும்."

"நீங்க ஒல்லி மசணண்ணா. உங்களத் தாங்குற சேறு என்னையும் தாங்கோணும்னு ஏதாச்சும் சட்டம் இருக்குதா?" என்றாள் நசீமா. யாரும் சிரிக்கவில்லை. அவளும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. அந்த அமைதியைத் தாங்க முடியாமல்தான் பேசினாள்.

பாதி வழியில் கோகிலவாணியின் பார்வை அந்தப் பாறைமேல் போனது. ஓரடி தள்ளி மிதித்துவிட்டாள். அவ்வளவுதான், சேறு தொடை வரை இழுத்துக்கொண்டது. அவள் காலை உதறினாள், இன்னும் இறங்கியது.

"காலை இழுக்காதீங்க அம்மிணி. முன்னால சாய்ஞ்சு படுத்துக்குங்க. கழியப் பிடிங்க."

அவள் சேற்றில் குப்புறப் படுத்தாள். மசணன் கழியைப் பிடித்து இழுக்க, நசீமா பின்னாலிருந்து அவள் இடுப்பைப் பற்றித் தூக்க, ஒரு செருப்பைச் சேற்றுக்குக் கொடுத்துவிட்டுக் கால் வெளியே வந்தது. மற்றதையும் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலோடு நடந்தாள்.

திட்டை நெருங்கும்போது மசணன் கையைத் தாழ்த்தினார். மூவரும் அப்படியே உட்கார்ந்தார்கள். வலது பக்கத்துக் கோரைப்புல்லை விலக்கிக்கொண்டு ஒரு தாய் யானையும் குட்டியும் வந்தன. சீக்கிரமே வந்துவிட்டன. தாய் தும்பிக்கையைத் தூக்கி மோப்பம் பிடித்தது. காற்று யானைகளிடமிருந்து அவர்கள் பக்கமாக வீசிக்கொண்டிருந்தது, அதுதான் காப்பாற்றியது. கால் மணி நேரம் சேறோடு சேறாகக் கிடந்தார்கள். குட்டி தண்ணீரில் புரண்டு, தாயிடம் ஒரு தட்டு வாங்கிக்கொண்டு, ஒருவழியாக நகர்ந்தது.

கரும்பாறைக்கு வந்து சேர்ந்தார்கள். அம்புக்குக் கீழே பாசி படிந்திருந்தது. கோகிலவாணி முந்தானையால் துடைத்தாள். எழுத்து தெரிந்தது.

"ஆறாம் தடம். தொடக்கம்."

அண்ணனின் கையெழுத்தேதான். "ற"வைப் போடும்போது எப்போதும் காலைக் கொஞ்சம் அதிகமாக இழுத்துவிடுவான்.

மேலே ஏறினார்கள். திருப்பத்தில் அடுத்த பாறை. "சத்தம் போடாதீங்க. கீழே நீர்நாய்க் குடும்பம் இருக்கு." நசீமா எட்டிப் பார்த்தாள். அவன் சொன்ன அதே இடத்தில் நான்கு நீர்நாய்கள் மீனுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. அவள் சிரித்தாள், பிறகு துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள்.

மூன்றாவது பாறையில், "இங்கே மூச்சு வாங்கிக்கலாம். பாட்டிலைக் கையோட கொண்டுபோங்க," என்று இருந்தது.

கோகிலவாணிக்கு ஒரு நொடி பைத்தியக்காரத்தனமான நம்பிக்கை வந்தது. இவ்வளவு நிதானமாக எழுதியிருக்கிறானே, இதோ அடுத்த பாறைக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்து ஏன் இவ்வளவு லேட்டு என்று கேட்பான் போலிருந்தது. அவள் ஓடினாள்.

நான்காவது அம்பு முழங்கால் உயரத்தில் இருந்தது. எழுத்துகள் சாய்ந்திருந்தன.

"பரிசல் வெள்ளத்துல போயிருச்சு. பிடிக்க ஓடுனேன், கால் ஒடிஞ்சிருச்சு. போனும் தண்ணிக்குள்ள. நாளைக்கு வந்திருவாங்க."

"தவழ்ந்து போயிருக்காருங்க," என்றார் மசணன். "அதான் எழுத்து கீழ எறங்கிருச்சு."

அடுத்த பாறை முனையில் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் ஏரி முழுவதும் விரிந்து கிடந்தது. தூரத்தில், விரல் தண்டிக்கு, அணை.

"ரெண்டாம் நாள். அணைப்பக்கம் படகு சுத்துது. யாரோ விழுந்துட்டாங்க போல. பாவம்."

கோகிலவாணி அதைப் படித்தாள். மறுபடியும் படித்தாள். நசீமா வந்து அவள் தோளைப் பிடித்தாள். அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டு, பாறையின் மறுபக்கத்துக்குப் போனாள். அங்கேயும் இருந்தது.

"மூணாம் நாள். இன்னும் கெடைக்கல. அணைமேட்டுல ரெண்டு பேர் மழையில அப்படியே உக்காந்திருக்காங்க. அந்த வீட்டு ஆளுங்க போல. பைனாகுலர்ல மொகம் தெரியல. கோகி, நீ அங்க இருந்தீன்னா அவங்களுக்கு ஒரு டீ வாங்கிக் குடு."

"அது நாங்கதான்," என்றாள் கோகிலவாணி. பாறையைப் பார்த்துத்தான் சொன்னாள். "அண்ணா, அது நாங்கதான். நானும் அம்மாவும். உன்னத்தான் தேடுனோம்."

அவள் பாறையில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். மூன்றாம் நாள். மசணன் வந்து படகு கேட்டது அதே மூன்றாம் நாள். அவன் இங்கே உட்கார்ந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். அவள் அங்கே உட்கார்ந்துகொண்டு அவனிடம் வரவிருந்த படகைத் தடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். 

"மசணண்ணா, நீங்க கேட்டீங்களே. நாந்தான விடல."

மசணன் கழியால் தரையைக் கீறிக்கொண்டு நின்றார். "அன்னைக்கு இருந்த வெள்ளத்துக்கு, வந்திருந்தாலும் கரையேற முடிஞ்சிருக்காதுங்க அம்மிணி," என்றார். அது பொய் என்று மூன்று பேருக்கும் தெரியும். ஆனாலும் அந்த மனிதர் அதைச் சொன்னார்.

இன்னும் ஒரு பாறை மிச்சம் இருந்தது. பெயின்ட் தீர்ந்துபோய் எழுத்து கோடு கோடாக வெளிறியிருந்தது. "அஞ்சாம் நாள். அவங்க ஆளு கெடைச்சதும் இங்க வருவாங்க. அதுவரைக்கும் தாங்கோணும்."

அதற்கு மேல் எழுத்து இல்லை. ஓர் அம்பு மட்டும், பாறை இடுக்கில் இருந்த சின்னக் குகையைக் காட்டியது. மசணன் முதலில் போனார். போன வேகத்திலேயே திரும்பி வந்து, தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

கோகிலவாணி குனிந்து உள்ளே போனாள். அவனுடைய நீல மழைக்கோட்டு. காலி டப்பா. பிரஷைக் கழுவித் துடைத்து டப்பாவின் மேல் குறுக்காக வைத்திருந்தான். கோட்டுக்குள் அவன் இருந்தான், எலும்பாக இருந்தான். அவள் பயப்படவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கோட்டின் கையைப் பிடித்துக்கொண்டு, "வந்துட்டோம்," என்றாள். "லேட் ஆயிருச்சு. வந்துட்டோம்."

நசீமா அவளோடு இருந்தாள். மசணன் மட்டும் யானைகளை விலகிச் சுற்றிப் போய்த் தகவல் சொன்னார். பிற்பகலில் ஆட்கள் வந்தார்கள், எழுதவேண்டியதை எழுதினார்கள். வெயில் சாயும் நேரத்தில் தெய்வசிகாமணியை ஒரு பலகையில் வைத்து அந்தச் சேற்று வரப்பின் வழியாகத் தூக்கி வந்தார்கள். கரையில் பூங்கா ஆட்கள், கடைக்காரர்கள், படகு ஓட்டுகிறவர்கள் எல்லோரும் கூடியிருந்தார்கள். தேடிப் போனவர்கள் வெறுங்கையோடு வரவில்லை. எட்டு மாதத்துக்கு அப்புறம் அவன் கரைக்கு வந்துவிட்டான். அந்த மட்டில் அது வெற்றிதான். ஆனால் அங்கே ஒருவர் கண்ணும் காயவில்லை.

எல்லாம் முடிந்த மறுநாள் மாலை, வீட்டுக்குள் அம்மாவும் மகளும் மட்டும் இருந்தார்கள். பழனாத்தாள் கேட்டாள்.

"நாம தேடுனது அவனுக்குத் தெரிஞ்சுதா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம். கோகிலவாணிக்கு அது நாக்கு வரைக்கும் வந்தது. ஆனால் சொன்னால் அந்தப் பொய்யோடு ஆயுசு பூரா இருக்க வேண்டும்.

"பாத்தான்மா. வேற யாரையோ தேடுறாங்கன்னு நெனச்சுட்டான். பாவம்னு எழுதியிருக்கான்." மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தாள். "அம்மா, இன்னொண்ணும் இருக்குது. மூணாம் நாள் மசணண்ணன் எங்கிட்ட வந்து படகு கேட்டாரு, திட்டுல பாக்கறதுக்கு. நான் விடல. அன்னைக்கு அவன் உசுரோட இருந்திருக்கான்மா. நாந்தான் கொன்னுட்டேன்."

 பழனாத்தாள் எழுந்து வந்து, மகளின் தலையை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள். 

"மசணன் உங்கிட்ட மூணாம் நாள் வந்தானா," என்றாள். "நீ படகுத்துறைக்குப் போயிருந்தப்ப, எங்கிட்ட ரெண்டாம் நாளே வந்து கேட்டான். எம்பையன் தண்ணிக்குள்ள கெடக்கறப்போ ஊர் சுத்தப் போறியான்னு பேசி அனுப்பிட்டேன். நான் தொரத்துனதுக்கப்புறந்தான் உங்கிட்ட வந்திருக்கான்."

கோகிலவாணி நிமிர்ந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். மசணன் இதை ஒரு நாளும், ஒருவரிடமும் சொன்னதில்லை.

"அந்தம்பு தெரிஞ்சுதுன்னு நீ வந்து சொன்னியே, நான் பண்ணுன தப்பு அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு," என்றாள் பழனாத்தாள். "உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல." இருவரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு, எட்டு மாதமாக அழாத அழுகையை அழுதார்கள்.

அழுது ஓய்ந்ததும் அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு அந்த ரேஞ்சர் கிட்டப் போகோணும். இனிமே இந்த ஏரியில எவன் காணாமப் போனாலும், மொதப் படகு திட்டுகளுக்குப் போகோணும்னு எழுதி வாங்கோணும். எந்தப் பெத்தவ வந்து விழுந்து அழுதாலும் அந்தப் படக நிறுத்தக் கூடாது."

"நான் எழுதித் தர்றேன்மா," என்றாள் கோகிலவாணி.

மறுநாள் காலை அலுவலகம் திறப்பதற்கு முன்பே இருவரும் போய் வாசலில் நின்றார்கள்.