ஈரம் காயாத கீபோர்ட்

துடைத்து வைத்த கீபோர்ட் மறுபடியும் ஈரமாக இருந்தது. கூரை ஒழுகவில்லை. தண்ணீர்ச் செம்பு அடுப்படியில்தான் இருந்தது. ஜீவராணி மூன்றாவது தடவையாகத் துடைத்தாள். துண்டில் செம்மண் ஒட்டியது.

கொழும்பில் வேலை செய்யும் புருஷன் துஷாந்த் அனுப்பிய லெப்டொப்பின் சொந்தக் கீபோர்ட், போன வாரம் மேலே கொட்டிய பிளேன்டீயைக் குடித்துச் செத்துப்போயிற்று. அதனால் பதுளைக் கடைவீதியில் ஸரூக் நானாவிடம் இந்தக் கீபோர்ட்டையும் மவுஸையும் வாங்கி வந்து செருகியிருந்தாள். ஸரூக் நானா பொய் சொல்லாத வியாபாரி. உலகத்தில் அப்படியும் ஒருவர் உண்டு. மண்சரிவில் புதைந்த தோட்ட ஆபீஸிலிருந்து தோண்டியெடுத்த சாமான் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். ஏன் ஈரம் என்று கேட்டதற்கு, "வெயில்ல வைங்க தங்கச்சி, காஞ்சிரும். நான் ரெண்டு மாசமா வெச்சேன்," என்றார்.

இப்போது அதை நினைத்துச் சிரிக்க நேரமில்லை. பின்சுவரில் விரல் நுழையும் வெடிப்பு. தோட்டத்து வீட்டு வரிசையான இந்த லயமும் மண்ணோடு சரியும் என்று வந்து பார்த்தவர்கள் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். பத்திரமான இடத்தில் வீடு கேட்கும் விண்ணப்பத்தை இன்று நான்கு மணிக்குள் அனுப்பியாக வேண்டும். கட்டிலில் ஆறு வயது மதுஷா காய்ச்சலோடு இருமிக்கொண்டு கிடந்தாள். மணி மூன்று நாற்பது. வெளியே பனிமூட்டம் தேயிலை மலை முழுவதையும் விழுங்கிவிட்டு, இன்னும் பசி அடங்காததுபோல ஜன்னல் வரைக்கும் வந்து நின்றது.

குடும்பத்தில் உள்ளவர்கள் என்ற இடத்தில் பெயர் அடிக்கப் போனாள். விரல் படுமுன்னே எழுத்துகள் தாமாக அமுங்கின. டக். டக். அதற்கடியில், சேற்றில் புதைந்த செருப்பை இழுத்தெடுக்கிற மாதிரி ஒரு சத்தம்.

இராசையா.

அவளுடைய அப்பா. அதே மண்சரிவில், கீழே இருந்த பணிய லயத்தோடு மண்ணுக்குள் போன பதினொரு பேரில் ஒருவர். ஓர் உடல்கூடக் கிடைக்கவில்லை.

அழித்தாள். மறுபடி வந்தது. கீபோர்ட் வயரைப் பிடுங்கிவிட்டு மவுஸால் அழித்தாள். அப்போதும் வந்தது. மவுஸைத் தொட்டாள், யாரோ இப்போதுதான் கையை எடுத்த சூடு. பெயருக்குப் பக்கத்தில் திரையின் சின்னக் கோடு மட்டும் பதிலுக்குக் காத்து மினுக்கி மினுக்கி நின்றது.

மூன்று நாற்பத்தெட்டு.

அந்தக் காத்திருப்பு அவளுக்குத் தெரியும். பன்னிரண்டு வருஷம், வேலைக்குப் பேர் பதியும் காலைப் பெரட்டில் நின்று பெயர் கொடுத்தவள். கங்காணி பெயரைக் கூப்பிட்டுவிட்டு இப்படித்தான் நிற்பார். ஆள் வந்து சேராவிட்டால் சொந்தக்காரர் யாராவது குரல் கொடுப்பார்கள். இல்லாவிட்டால் அன்றைக்குப் பேர் வெட்டுப்படும். ஒருவருக்கொருவர் செய்கிற உதவி.

"இருக்காருங்க," என்றாள், பழக்கதோஷத்தில்.

சரி அடையாளம் விழுந்தது. அடுத்த பெயர் வந்தது. விஜயலெட்சுமி.

"இருக்காங்க."

வேறு வழி? பதினொரு பேருக்கும் சொன்னாள். ஒவ்வொரு சரிக்கும், சிமெந்துத் தரைக்குக் கீழே யாரோ ஈரமாக மூச்சு விட்டார்கள். வெடிப்பிலிருந்து புதிதாக வெட்டிய குழியின் வாசனை வந்தது. பிறகு பெயர்கள் எல்லாம் மறைந்தன. மூன்று ஐம்பத்தேழு. வயரைச் செருகினாள். இனி தன் வீட்டுப் பெயர்களை அடித்து அனுப்பிவிட்டால் போதும்.

டக். டக். டக்.

மதுஷா.

கோடு மினுக்கியது.

ஜீவராணி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். சொல்லமாட்டாள். வெட்டுப்படட்டும். இந்தப் பேர் வெட்டுப்படட்டும், சாமி. கீபோர்ட்டைத் தூக்கிச் சுவரில் அடித்தாள். எழுத்துகள் கழன்று சிதறின. கோடு மினுக்கியது.

உதவி என்றால் திருப்பிச் செய்வார்கள்தானே.

தரைக்கடியிலிருந்து பதினொரு குரல், மண் நிறைந்த வாயோடு. முன்னால் நின்றது அப்பாவின் குரல்.

"புள்ள இங்கதாங்க இருக்கு."

சரி விழுந்தது.

கட்டிலில் இருமல் நின்றிருந்தது. அவள் திரும்பினாள். போர்வை பிள்ளையின் அளவுக்கு உப்பியபடியே கிடந்தது. அதன் ஓரத்திலிருந்து ஈரச் செம்மண், மெதுவாக, தரையில் உதிர்ந்துகொண்டிருந்தது.