சக்டன் 81

மோரீன் சக்டன் ஈரக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. துணியில் சுற்றிய ஒன்றை மேஜைமேல் வைத்துவிட்டு நின்றாள்.

"எங்கப்பா ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டேங்கிறார். கிட்னி ரெண்டும் போச்சு. டயாலிசிஸ் பண்ணித்தான் ஓடுது. போன வாரத்திலேருந்து ஆஸ்பத்திரி வேனைத் திருப்பி அனுப்பிடறார். இப்படியே விட்டா ஞாயிற்றுக்கிழமை தாண்டாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்."

"நான் டாக்டர் இல்லையே," என்றாள் எட்னா திவெய்ட்.

"தெரியும். செத்துப்போனவங்களைப் பத்தி விசாரிக்கிறவங்கன்னு சொன்னாங்க. எங்கப்பாவைக் கொல்றதே ஒரு செத்தவர்தான்."

எட்னாவின் தம்பி க்ளைவ் துணியைப் பிரித்தான். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். அக்காவின் தொழிலில் அவளைவிட அவனுக்குத்தான் அவசரம்.

உள்ளே ஒரு பழைய புகைப்படம். தாடி வைத்த கான்ஸ்டபிள் விறைப்பாக நின்றிருந்தான். வலது மணிக்கட்டில் கோடு போட்ட பட்டை. காலரில் உலோக எண்: ஓர் எட்டு, பக்கத்தில் வெறும் நேர்கோடாக ஒன்று.

"எங்கப்பாவோட கொள்ளுத்தாத்தா எஸ்ரா," என்றாள் மோரீன். "சாயப்பட்டறையிலேருந்து போலீசுக்குப் போனவர். கடைசி வரைக்கும் கான்ஸ்டபிள்தான். வேலையைப் பத்தி வீட்டுல வாயே திறக்க மாட்டாராம். ஸ்டேஷன் பதிவேடெல்லாம் வெள்ளத்துல போயிடுச்சு. இந்தப் படம் ஒண்ணுதான் மிச்சம். இதைப் பார்த்துத்தான் அப்பாவும் போலீஸ்ல சேர்ந்தார்."

"இப்போது என்ன வந்தது?"

"பிரிஜிட் டியர்னின்னு ஒரு பொண்ணு உள்ளூர்ப் பேப்பர்ல எழுதுது. அவங்க குடும்பத்துப் பையன் மைக்கேல், 1884-ல எங்க ஊர் லாக்கப்புல அடிபட்டுச் செத்தான். பழைய போலீஸ் படம் ஏதாவது இருக்கான்னு கேட்டுது. அப்பா பெருமையா இதைக் கொடுத்தார். அடிச்சவன் கான்ஸ்டபிள் சக்டன், நம்பர் 81. அந்தக் காலப் பேப்பர்லயே இருக்காம். இந்தப் படத்தைப் பெருசாப் போட்டுக் கீழே கொலைகாரன்னு எழுதிட்டாங்க."

அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னிக்கே இதைச் சுவர்ல வீசினார். கண்ணாடி சுக்குநூறு. படம் மூலையில மடங்கிப்போச்சு. அதோட படுத்தவர்தான்."

க்ளைவ் படத்தின்மேல் குனிந்தான். "பட்டன் எந்தப் பக்கமாப் போட்டிருக்கான் பாருக்கா. அவசரத்துல பொண்டாட்டி கோட்டை மாட்டிக்கிட்டு வந்துட்டான் போல."

யாரும் சிரிக்கவில்லை. எட்னா மட்டும் மடங்கிய மூலையை விரலால் தடவினாள்.

மறுநாள் அவர்கள் நூலகத்தில் பழைய செய்தித்தாள்களைப் பார்த்தார்கள். க்ளைவ்தான் முதலில் கண்டுபிடித்தான். மைக்கேல் டியர்னியின் மரண விசாரணை. காவலர்களுக்குக் குடும்பப் பெயரும் எண்ணும் மட்டுமே இருந்தன.

"சரியாத்தான் எழுதியிருக்கா அந்தப் பொண்ணு," என்றான். குரலில் உற்சாகம் வடிந்திருந்தது. "பையனை லாக்கப்புக்குள்ள இழுத்துட்டுப் போனவன் சக்டன் 81. கீழே விழுந்து செத்தான்னு தீர்ப்பு. சாட்சி இல்லைன்னு 81-ஐ விட்டுட்டாங்க. பையனோட அம்மா கோர்ட்டுல மயங்கி விழுந்திருக்கா. அந்தக் கிழவர்கிட்ட என்னத்தைச் சொல்றது?"

"எதற்கு எண் போட்டிருக்கிறார்கள்?"

"அவங்க ஊர்ப் பள்ளத்தாக்குல கல்லை விட்டெறிஞ்சா ஒரு சக்டன் மேலதான் விழும். இதோ, இதே விசாரணையில இன்னொரு சக்டன். லாக்கப்புக்கு வெளியே மேஜையில இருந்தவன். நம்பர் 18."

எட்னா அந்தப் பத்தியை இரண்டு முறை படித்தாள். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டாள்.

அன்று மாலை சக்டன் வீட்டு மாடிப்படியில் மோரீன் வழி மறித்தாள். போனிலேயே எட்னா எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள்.

"முதல் பாதியை மட்டும் சொல்லுங்க மிஸஸ் திவெய்ட். கொலைகாரன் இல்லைன்னு சொல்லுங்க, போதும். மீதி எதுக்கு? உங்க கால்ல விழறேன்."

"அவர் போலீஸ்காரர். அவரே கேட்பார்."

"கேட்டா பொய் சொல்லுங்க."

எட்னா அவளைத் தாண்டி மேலே ஏறினாள்.

வில்ஃப்ரெட் சக்டன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். முகம் ஊதியிருந்தது. மூச்சு ஈரமாக இழுத்தது.

"படத்தை எடுத்துட்டுப் போயிடும்மா. அதை நான் பார்க்கறதா இல்லை."

"பார்க்க வேண்டாம். கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள், போதும். அந்தக் காலத்துக் கான்ஸ்டபிள் ட்யூட்டிப் பட்டையை எந்தக் கையில் கட்டுவான்?"

"இடது. இது கூடவா தெரியாது?"

"இவர் வலது கையில் கட்டியிருக்கிறார்."

கிழவர் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார்.

"கோட்டுப் பட்டனும் மாறியிருக்கு ஐயா," என்றான் க்ளைவ். "பொம்பளைங்க போடற பக்கமா."

"எந்த இன்ஸ்பெக்டரும் அப்படி வெளியே விடமாட்டான்," என்றார் வில்ஃப்ரெட். மெல்லத் திரும்பினார்.

எட்னா பையிலிருந்து ஒரு சின்னக் காந்தத்தை எடுத்துப் படத்தின் முதுகில் வைத்தாள். ஒட்டிக்கொண்டது.

"நீங்கள் சுவரில் வீசியபோது இது கிழியவில்லை, மடங்கியது. காகிதம் இல்லை, இரும்புத் தகடு. அந்தக் காலத்தில் மலிவாகக் கிடைத்த படம். நெகட்டிவ் கிடையாது. தகட்டிலேயே நேராக விழும். கண்ணாடியில் பார்ப்பது போல இடம் வலமாக மாறி விழும். பட்டை மாறியது. பட்டன் மாறியது. அப்படியானால் காலரில் இருக்கிற எண்?"

வில்ஃப்ரெட் கையை நீட்டினார். மோரீன் மேஜையிலிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து வந்தாள். அவர் படத்தை அதன் எதிரே பிடித்தார்.

"பதினெட்டு," என்றார்.

"ஆமாம். எட்டும் ஒன்றும் திரும்பினாலும் எட்டும் ஒன்றுமாகவே தெரியும். இடம்தான் மாறும். அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. 81 வேறொரு சக்டன். மைக்கேல் டியர்னியை அடித்தது உங்கள் எஸ்ரா இல்லை."

மோரீன் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து அப்பாவின் தோளைப் பற்றினாள். "கேட்டீங்களாப்பா? அவர் இல்லை. வேனுக்கு ஃபோன் பண்ணட்டுமா?"

அவர் மகளைப் பார்க்கவில்லை. எட்னாவைப் பார்த்தார்.

"ஒரு கான்ஸ்டபிளோட நம்பர் பேப்பர்ல சும்மா வராது. 18 எங்கே இருந்தான்?"

மோரீன் தலையை அசைத்தாள், வேண்டாம் என்று.

"லாக்கப்புக்கு வெளியே, மேஜையில்," என்றாள் எட்னா. "எந்தச் சத்தமும் கேட்கவில்லை என்று சத்தியம் செய்து சொன்னார்."

"அதை வெச்சுத்தான் 81-ஐ விட்டாங்க?"

"ஆமாம்."

வில்ஃப்ரெட் கண்களை மூடினார். மோரீன் அவர் மூச்சையே கவனித்தாள். ஜன்னலில் மழை அடித்தது.

"அந்த ஸ்டேஷன்லதான் நானும் வேலைக்குச் சேர்ந்தேன்," என்றார். "அதே மேஜை. கதவு கைக்கெட்டற தூரம். உள்ளே ஒருத்தன் இருமினா இங்க நம்ம தொண்டை கமறும்."

"அப்பா, விடுங்கப்பா. பயந்திருப்பார். வீட்டுல குழந்தை குட்டி இருந்திருக்கும்."

"இருந்தது. அந்த வரிசையிலதான் நீயும் நானும் வந்தோம்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "அந்தப் பொண்ணு எங்கே இருக்கா? டியர்னி?"

"சந்தைக்குப் பின்னாடி. எதுக்கு?"

"நம்பரைத் தப்பாப் போட்டுட்டா. அது சின்ன விஷயம். 18-க்கு எல்லாம் கேட்டுதுன்னு சொல்ல ஒரு ஆள் வேணும். அந்த மேஜையில உட்கார்ந்தவன்ல உயிரோட இருக்கிறது நான் ஒருத்தன்தான்."

"சொல்லி என்னப்பா ஆகப்போகுது? எல்லாரும் செத்தாச்சு."

"சாட்சி சாட்சிதான்."

"உங்களால எழுந்து நிக்கக்கூட முடியலையே."

"அதான் சொல்றேன். வேனுக்குக் காத்துக்கிட்டிருக்க முடியாது. காரை எடு. முதல்ல ஆஸ்பத்திரி, அப்புறம் அந்தப் பொண்ணு." க்ளைவ் பக்கம் திரும்பினார். "தம்பி, என்னைத் தூக்கு. பஸ் ஓட்டினவன்தானே, நான் உன் பஸ்ஸைவிடக் கனம் இல்லை."

க்ளைவ் அவரை அக்குளில் கைகொடுத்துத் தூக்கினான். கால்கள் தரையில் பாவவில்லை. எட்னா மறுபக்கம் பிடித்தாள்.

மோரீன் ஆஸ்பத்திரிக்கு ஃபோன் செய்தாள். மறுமுனையில் நர்ஸ், இவ்வளவு தாமதத்துக்குப் பிறகு எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது, உடனே கூட்டி வாருங்கள் என்றாள். மோரீன் அதை யாரிடமும் சொல்லவில்லை. வாசலுக்கு ஓடிப்போய்க் கார்க் கதவைத் திறந்து, மழையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.