புதன்கிழமை தொண்ணூற்றாறு

"இன்னும் கொஞ்சம் வேகமாப் போங்க" என்று சந்தனராஜ் மூன்றாவது முறையாகச் சொன்னான். சொல்லும்போதே அவன் வாய் காதுவரை விரிந்திருந்தது.

ஆட்டோக்காரர் கண்ணாடியில் அவனைப் பார்த்தார். குறிச்சித் தொழிற்பேட்டை வாசலில் ஓடிவந்து ஏறிய ஆள். சட்டையெல்லாம் வியர்வை, கண்ணில் கொலைவெறி. முகத்தில் மட்டும் கல்யாண வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நிற்பவனின் சிரிப்பு.

"வீட்டுல ஏதாச்சும் விசேஷங்களாண்ணா? கொழந்த பொறந்திருக்குதா?"

"இல்ல."

"அப்பறம் ஏனுங்ண்ணா இப்படிச் சிரிக்கறீங்க?"

சந்தனராஜ் இடது மணிக்கட்டை நீட்டிக் காட்டினான். கறுப்பு உணர்பட்டை. அதன் சின்னத் திரையில் பச்சை எழுத்து: களிப்பு 96.

"ஓ, நாய்ப்பட்டைங்களா." ஆட்டோக்காரருக்கு நிம்மதியாகிவிட்டது. எத்தனை நாய் என்று கேட்டார். இரண்டு என்றதும் உச்சுக் கொட்டினார். "எம் மச்சான் ஒண்ணுதானுங்க வெச்சிருக்கான். அதுக்கே படுக்கப் போறப்ப பாய்மேல மூணு சுத்து சுத்தீட்டுத்தான் படுக்கறான். எங்கக்கா அழுவுது."

உணர்பட்டை வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. நாயின் கழுத்தில் ஒரு வளையம், வளர்ப்பவர் மணிக்கட்டில் ஒரு பட்டை. நாயின் உடம்பில் ஓடும் பயமும் பசியும் களிப்பும் வளையத்தில் அலையாக மாறி, பத்துக் கிலோமீட்டர் வரை பறந்துவந்து, பட்டை வழியாக மனித நரம்பில் இறங்கும். படம் வராது, குரல் வராது. நாய் எதைப் பார்த்துக் குதித்தது என்று தெரியாது. குதித்தது என்பது மட்டும் உங்கள் முதுகுத்தண்டில் தெரியும்.

கோயம்புத்தூர் அதற்குள் பழகிக்கொண்டது. காலை எட்டரைக்கு மாநகராட்சிக் குப்பை வண்டி ஏதாவது ஒரு தெருவில் நுழைந்தால், எங்கோ போகும் டவுன் பஸ்ஸில் நாலு பேர் பல்லைக் கடித்து உறுமுவார்கள். பக்கத்துச் சீட்டுக்காரர் கண்டுகொள்ள மாட்டார். ஒருமுறை நீதிபதி ஒருவர் தீர்ப்பைப் பாதியில் நிறுத்திக் காதுக்குப் பின்னால் ஒரு நிமிடம் சொறிந்துகொண்டபோது, குற்றவாளிகூடப் பொறுமையாகக் காத்திருந்தான். ஒருவருக்கு இரண்டு நாய்க்கு மேல் கூடாது என்று சட்டம் இருந்தது. மூன்று நாய்களின் களிப்பை மனித இதயம் தாங்காதாம். பட்டையைச் சட்டென்று கழற்றவும் முடியாது. தணிவுப் பொத்தானை அழுத்தினால் உணர்ச்சி மெல்ல மெல்ல வடிந்து, அரை மணி கழித்துத்தான் கொக்கி திறக்கும்.

சந்தனராஜின் இரண்டும் இரண்டு ரகம். ஒன்று தாசில்தார். வெள்ளை வெளேரென்று, கால்மேல் கால் போடாத குறையாகச் சோபாவில் படுத்திருக்கும். மனு கொடுக்க வந்தவர்களைப் பார்ப்பதுபோல வீட்டாரைப் பார்க்கும். யாருக்காகவும் எழாது. மற்றது பக்கோடா. எண்ணெயில் பொரித்த நிறம், தெரு ஜாதி, உடம்பில் பாதி வால். அந்த வாலால் ஒரு வருடத்தில் பதினோரு காபி டம்ளர்களைத் தட்டிவிட்டிருக்கிறது. பம்பு கம்பெனியில் உற்பத்தி மேலாளரான சந்தனராஜ் ஆலோசனைக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும்போது திடீரென்று பூனை வெறி ஏறும். ஒருநாள் வடநாட்டு வாடிக்கையாளர் ஒருவரை அவர் வெளியேறும்வரை முறைத்துக்கொண்டே இருந்தான். ஆர்டர் போனது. அவன் வருத்தப்படவில்லை. நாய்களோடு வாழ்வதற்கு அது ஒரு வாடகை.

அவன் தூத்துக்குடியில் இருந்தபோதே அவனிடம் வந்தவை அவை. எங்கே வாங்கினது என்று கேட்பவர்களிடம், "வாங்கல, கடற்கரையில அதுவா வந்து ஒட்டிக்கிச்சு" என்பான். பக்கோடாவுக்கு இடி ஆகாது. ஈரத்துண்டைப் போர்த்தி, இடது காதை மடித்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். தாசில்தார் தரையில் வைத்த தட்டைத் தொடாது. ஒரு படி உயரத்தில் வைக்க வேண்டும். இரண்டு வருடங்களுக்கு முன், கல்யாணமான புதிதில், இதெல்லாம் எப்படிங்க தெரியும் என்று கோகிலவாணி வியந்தாள். எல்லாம் மனப்பாடம் என்றான். அந்தப் பதில் அவளுக்குப் பிடித்திருந்தது.

மாலை ஆறரைக்கு அவன் கதவைத் திறப்பான். பக்கோடா பறந்து வந்து மேலே விழும். தாசில்தார் சோபாவிலிருந்தபடியே வால் நுனியை இரண்டு முறை ஆட்டி வருகையைப் பதிவு செய்யும். பட்டையில் எழுபத்திரண்டு காட்டும். அந்த எழுபத்திரண்டுக்காகத்தான் அவன் பகல் முழுக்க உழைத்தான்.

மூன்று வாரங்களுக்கு முன், ஒரு புதன்கிழமை, பதினொன்று பத்துக்கு, தரக்கட்டுப்பாட்டுக் கூட்டத்தின் நடுவே அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. நெஞ்சுக்குள் தேர் ஓடியது. கண்ணில் நீர் முட்டியது. பட்டையைப் பார்த்தான். தொண்ணூற்றாறு. அவன் வருகைக்கு வரும் எழுபத்திரண்டு ஐந்து நிமிடத்தில் வடிந்துவிடும். இது ஒரு மணி நேரம் வடியவில்லை.

யாரோ வீட்டுக்கு வந்திருந்தார்கள்.

அன்று மாலை, யாராவது வந்தார்களா என்று கோகிலவாணியிடம் சாதாரணமாகக் கேட்டான். "ஆரு வர்றாங்க இங்க" என்று அவள் கீரை ஆய்ந்தாள். அடுத்த புதனும் அதே நேரம், அதே தொண்ணூற்றாறு. வாசல் கேமராப் பதிவை எடுத்துப் பார்த்தான். பதினொன்று ஐந்திலிருந்து பன்னிரண்டு பத்துவரை கேமராமேல் ஒரு பூப்போட்ட துண்டு காய்ந்துகொண்டிருந்தது. மூன்றாவது புதனும் அதே துண்டு.

அவள் பொய் சொன்னது ஒரு வலி. ஆனால் ராத்திரியில் புரண்டு படுக்கும்போது உறுத்தியது அது இல்லை. மூன்று வருடமாகக் கையால் மீன் பிசைந்து ஊட்டியவன் அவன். அவனுக்கு எழுபத்திரண்டு. எவனுக்கு அந்தத் தொண்ணூற்றாறு? துரோகம் என்றால் மனிதர்கள்தான் செய்வார்கள் என்று அவன் நினைத்திருந்தான்.

இன்று நான்காவது புதன். நரம்பில் தேர் ஓடத் தொடங்கியதும் எழுந்துவிட்டான். இயக்குநர் பேசிக்கொண்டே இருந்தார்.

சிங்காநல்லூரில் ஆட்டோ நிற்பதற்குள் குதித்தான். மின்தூக்கிக்குக் காத்திருக்காமல் மூன்று மாடியும் ஏறினான். கேமராமேல் துண்டு இல்லை. கதவு பூட்டப்படவும் இல்லை.

கூடத்தில் ஒருவன் முதுகைக் காட்டித் தரையில் சம்மணமிட்டிருந்தான். ஒல்லி உடம்பு, பல காலம் வெயிலே படாத வெளிறிய கழுத்து. பக்கோடா அவன் தோள்மேல் ஏறி நின்று தலையை நக்கிக்கொண்டிருந்தது. சோபா காலியாக இருந்தது. எவருக்கும் எழாத தாசில்தார் தரைக்கு இறங்கி, அவன் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தது.

கோகிலவாணி டீ டம்ளரோடு நின்றாள். திடுக்கிடவில்லை. "வந்துட்டீங்களா. இன்னைக்கு வந்துருவீங்கன்னு தெரியும்" என்றாள்.

சந்தனராஜ் வாயைத் திறப்பதற்குள் பக்கோடா அவனைப் பார்த்துவிட்டது. அவன் மேல் பாய்ந்தது, திரும்பி அந்த ஆள் மேல் பாய்ந்தது, மறுபடி அவன் மேல். தாசில்தாரின் வால் முழுசாக ஆடியது. பட்டை துடித்தது.

அந்த ஆள் திரும்பாமலே சொன்னான். "நங்கூரம், துடுப்பு. உக்காருங்கல."

இரண்டும் சட்டென்று உட்கார்ந்தன. மூன்று வருடமாக எந்த உத்தரவுக்கும் உட்காராத நாய்கள்.

அந்த இரண்டு பெயர்களையும் சந்தனராஜ் அந்த வீட்டில் ஒருநாளும் சொன்னதில்லை. கதவைப் பிடித்துக்கொண்டான்.

"நல்லாருக்கியால சந்தனம்?" என்று திரும்பினான் ஜெபநேசன், தூத்துக்குடிச் சிநேகிதன். அவன் முகத்திலும் அதே சிரிப்பு, காதுவரை. அவன் மணிக்கட்டில் நிறம் போன ஒரு பழைய பட்டை இருந்தது. அந்தக் கம்பெனி முதல்முதலில் விற்ற மாதிரி.

கோகிலவாணிதான் பேசினாள். முதல் புதனில் இவரைத் துரத்தத்தான் கதவைத் திறந்தாளாம். "தாசில்தார் சோபாவுல இருந்து எந்திரிச்சு வந்துச்சுங்க. உங்களுக்கு அது ஒரு நாளாச்சும் எந்திரிச்சிருக்குதா?" வந்தவர் அன்று எதுவும் கேட்கவில்லை. ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகலாமா என்றுதான் கேட்டார். மீதியை வாரத்துக்குக் கொஞ்சமாகச் சொன்னார். "மூணு வாரமா, நீங்களே சொல்லுவீங்கன்னு பார்த்துட்டிருந்தேன். நீங்க 'யாராவது வந்தாங்களா'ன்னுதான் கேட்டீங்க."

மீதியை ஜெபநேசன் சொன்னான். தூத்துக்குடியில் அடுத்தடுத்த வீடு, ஒரே பள்ளிக்கூடம், ஒரே சைக்கிள். ஆழ்கடல் நிலையத்தில் பதினான்கு மாத வேலை கிடைத்தபோது, அவன் தன் நாய்களை விட்டுவிட்டுப் போக நம்பியது ஒரே ஒருவனைத்தான். ஐந்தாவது மாதம் கடலுக்கடியில் சந்தனராஜிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. காய்ச்சலில் ஒரே வாரத்தில் இரண்டும் போய்விட்டன. கூடவே ஒரு பார்சல். அதற்குப் பிறகு ஊருக்குத் திரும்ப என்ன இருக்கிறது என்று ஒப்பந்தத்தை நீட்டிக்கொண்டே போனான். மூன்று வருடம்.

"கடலுக்கடியில பட்டை சும்மா ஒரு வளையல்தான். ஆனா கழத்த மனசு வரல" என்றான். "போன மாசம் பாலக்காட்டு பஸ்ல வாரேன். இந்த ஊருக்குள்ள பஸ் நுழையுது, எனக்கு எடது காதுக்குப் பின்னால அரிக்கி. எவ்வளவு சொறிஞ்சாலும் போகல. பெறவு வயித்துக்குள்ள கருவாட்டு ஆச. செத்த நாய்க்கு எப்படில காது அரிக்கும்? பஸ்ஸ நிறுத்தச் சொல்லி எறங்கிட்டேன். ரெண்டு நாளு தெருத்தெருவா நடந்தேன், எங்க போனா ஜாஸ்தியா அரிக்கின்னு பாத்துப் பாத்து."

முதல் இணைப்பை அழிக்க முதல் ஆளின் நாடித்துடிப்பு வேண்டும் என்று, நாய்களைச் சந்தனராஜின் பட்டையோடு இணைத்த கடையில் அப்போதே சொல்லியிருந்தார்கள். செத்த நாயின் பட்டையை எவன் கட்டிக்கொண்டு திரிவான் என்று சந்தனராஜ் அதைப் பொருட்படுத்தவில்லை.

ஜெபநேசன் பையைத் திறந்து, அந்தப் பார்சலில் வந்த, சிவப்புத் துணியால் வாய்கட்டிய இரண்டு சின்ன மண்கலயங்களை எடுத்துத் தரையில் வைத்தான். துணியின் முடிச்சு சந்தனராஜ் போட்டது. அவனுக்கே அடையாளம் தெரிந்தது.

"அங்க மெழுகுவர்த்தி ஏத்த விடமாட்டாங்க. பேட்டரி வெளக்கு வச்சேன். தெனம் ரெண்டுக்கும் ஜெபம் பண்ணிட்டுத்தான் படுப்பேன். இது என்ன சாம்பல், சொல்லுல சந்தனம்?"

சந்தனராஜ் அழ வேண்டும் என்று நினைத்தான். காலில் விழ வேண்டும் என்றும் நினைத்தான். ஒரு வருடம்தானே, திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் எண்ணியதையும், ஒரு மாலை முதல்முறையாக எழுபத்திரண்டு ஏறியதையும், அதற்குப் பிறகு தன்னால் முடியாமல் போனதையும் சொல்ல வேண்டும். ஆனால் முகம் அவன் வசம் இல்லை. உதடுகள் விரிந்தன, பற்கள் தெரிந்தன. குனிந்து பார்த்தான். பட்டையில் நூறு. தங்களுக்கு வேண்டியவர்கள் இருவரும் ஒரே கூடத்தில் இருப்பதை நாய்கள் கொண்டாடிக்கொண்டிருந்தன.

"சிரிக்கறீங்களா?" என்றாள் கோகிலவாணி. "உங்களால எப்படிங்க சிரிக்க முடியுது?"

"விடுங்கம்மா. அவன் சிரிக்கல, இதுக சிரிக்கி" என்றான் ஜெபநேசன், பல்லெல்லாம் தெரிய. "எனக்கும் அவனக் கொல்லணும் போலத்தான் இருக்கு. முடிய மாட்டேங்கி."

சற்று நேரம் இரண்டு ஆண்களும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். பக்கோடாவின் வால் டீ டம்ளரைத் தட்டிவிட்டது. யாரும் குனிந்து எடுக்கவில்லை.

ஜெபநேசன் எழுந்து, பையிலிருந்து இரண்டு தோல்வார்களை எடுத்தான். "நான் சண்டைக்கு வரல. என் பிள்ளைகளக் கூட்டிட்டுப் போறேன், அவ்வளவுதான். போகும்போது ஒரு நோட்டு எழுதிக் குடுத்தேன்லா, நாப்பது பக்கம். இடி இடிச்சா என்ன செய்யணும், தட்டு எங்க வைக்கணும், எல்லாம் அதுலதான் இருக்கு. செத்துட்டுன்னு நெனச்சு ஒண்ணொண்ணா மறக்கப் பாத்தேன்ல. பாதி மறந்தே போச்சு. அத மட்டும் குடுத்துரு."

சந்தனராஜின் கை மெதுவாக எழுந்தது. சிரித்த முகத்தோடு, தரையிலிருந்த இரண்டு கலயங்களையும் காட்டினான்.

"அதுதான்" என்றான்.