க்ளைவ் அணைக்காத நாற்காலி

நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். வரிசை குலைந்தால் எனக்கே நம்பிக்கை போய்விடும்.

பர்னி நகரில் எங்கள் அரசுப் பரிசோதனைக் கூடத்துக்குக் கிடைத்தது பழைய காசநோய் வார்டு. ஜூலை மாதத்துக் குளிர்கால மழை. நான் உள்ளே நுழைந்தபோது ஃபெர்கஸ் தேநீர்க் கோப்பையில் கையைச் சூடுபடுத்திக்கொண்டு நின்றான். கருவிகளெல்லாம் அவன் பொறுப்பு.

"வா ஹெட்டி. உன் ஆளு ஜன்னலோரமா ஜம்முனு உக்காந்திருக்கான்."

ஆளில்லை. மின்சாரச் சக்கர நாற்காலி ஒன்றில், மனிதன் எடைக்கு மணல் மூட்டைகளைக் கட்டி வைத்திருந்தான்.

அது க்ளைவ் ஹாட்ஜெட்ஸின் நாற்காலி. போன கோடையில் ஒரு மாலை, பக்கத்து ஊரான வினியார்டில் படகு இறக்கும் சரிவின் உச்சியில் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தவர், நாற்காலியோடு தண்ணீருக்குள் போய் மூழ்கி இறந்துவிட்டார். பின்னால் நின்றது மனைவி எட்னா. அந்த நாற்காலியின் முதுகில், துணையாள் ஓட்டுவதற்கென்று இன்னொரு விசை உண்டு. எட்னாவின் கை அதில் பட்டதால்தான் ஓடியது என்கிறது தயாரித்த கம்பெனி. பிள்ளையைத் தொடுவதுபோல்கூட அதைத் தொடவில்லை என்கிறார் எட்னா. நாற்காலியை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி பழுதில்லாதது என்று நாங்கள் எழுதிவிட்டால், புருஷனைக் கடலில் தள்ளிய பழி அவர் தலையில் விழும்.

பெட்டியின் மேல் தண்ணீர் தெளித்தோம். அலைகள் குழப்புகின்றனவா என்று கைபேசியை ஒட்டி வைத்துப் பார்த்தோம். சாய்வுப் பலகையில் நிறுத்தினோம். ஒவ்வொரு சோதனைக்கு முன்பும் சுவிட்சை அணைத்துத் திரும்பப் போடுவது எங்கள் வழக்கம், சிலேட்டைத் துடைத்துவிட்டு எழுதுவதுபோல. நாற்காலி அசையவில்லை.

மதியம் எட்னா ஸ்கேலப் பை என்ற சிப்பிக்கறிப் பலகாரம் கொண்டுவந்தார். சுடச்சுட, கறிமசாலா மணத்தோடு.

"சாப்பிடுங்க கண்ணு. லஞ்சம்னு எழுதிப்புடாதீங்க."

"லஞ்சம்னா இன்னும் ரெண்டு கொண்டாந்திருக்கணுமே" என்றான் ஃபெர்கஸ், வாய் நிறைய.

எட்னா சிரித்தார். ஆனால் கதவைத் தாண்டி ஓரடி வரவில்லை. அங்கிருந்தபடியே நாற்காலியைப் பார்த்தார்.

"அத ஏன் அணைச்சு அணைச்சுப் போடுறீங்க? அவரு அணைக்கவே மாட்டாரு. அணைச்சா திரும்ப உசுரு வராதுன்னு பயம்."

அதை நாங்கள் காதில் வாங்கினோம். மனதில் வாங்கவில்லை.

அவர் போன பிறகு மழை வலுத்தது. சாயங்காலத்துக்கு முன்பே வார்டு இருண்டுவிட்டது. எல்லாச் சோதனையிலும் நாற்காலி தேறிவிட்டது, இனி பழுதில்லை என்று எழுத வேண்டியதுதான். நான் சுவிட்சை அணைத்துவிட்டுத் திரும்பினேன்.

நனைந்த கம்பளியின் வாடை வந்தது. அதற்கடியில் கடற்பாசியின் அழுகல்.

'டிக்' என்றது பின்னால்.

பெட்டியின் பச்சை விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.

"ஃபெர்கஸ், நீ போட்டியா?"

"நான் இங்க கோப்பை கழுவிட்டிருக்கேன் தாயே."

அணைத்தேன். விரலை எடுப்பதற்குள் மறுபடி எரிந்தது.

மறுபடி அணைத்தேன்.

எரிந்தது.

ஃபெர்கஸ் ஈரக்கையோடு வந்து பக்கத்தில் நின்றான். குனிந்து விளக்குகளைப் பார்த்தான். பிறகு கிசுகிசுத்தான்: "அணைக்காதேங்குது."

அப்போதுதான் எட்னா சொன்னது உறைத்தது. அணைத்துப் போடும்போதெல்லாம் பெட்டி தன் பிழையை மறந்து புதிதாகப் பிறக்கிறது. அணைக்காத நாற்காலியை நாங்கள் சோதிக்கவே இல்லை. அப்படியே எரியவிட்டு, வார்டைப் பூட்டி, வார இறுதிக்கு வீட்டுக்குப் போனோம்.

திங்கட்கிழமை காலை எட்னாவையும் வரச்சொன்னேன். சோதனையைப் பார்க்க அவருக்கு உரிமை உண்டு. தூரத்துச் சுவரோரம் உட்கார வைத்தேன். கேமரா ஓடியது. நாற்காலிக்கு எட்டும் தூரத்தில் யாரும் இல்லை.

பிரேக் விடுபடும் சத்தம் கேட்டது.

நாற்காலி கிளம்பியது.

மணல் மூட்டைகளைச் சுமந்துகொண்டு, ஜன்னலை நோக்கி நேராகப் போனது. எட்னா இரு கைகளையும் உயர்த்திக் காட்டினார். "பாத்தீங்களா? என் கை இல்ல! என் கை இல்ல!" அழுதார்.

வார்டின் நடுவில் நாற்காலி நின்றது.

திரும்பியது. மெதுவாக, தேடுவதுபோல.

எட்னாவை நேராகப் பார்த்து நின்றது.

பிறகு வேகமெடுத்தது.

அவர் எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டார். "க்ளைவ்... வேணாம்..." என்றார். உதடு மட்டும்தான் அசைந்தது. ஃபெர்கஸ் பாய்ந்து பேட்டரி இணைப்பைப் பிடுங்கினான். எட்னாவின் முழங்காலுக்கு ஒரு சாண் முன்னால் நாற்காலி நின்றது. தரையெல்லாம் ஈரம். அன்று நாங்கள் தண்ணீர் தெளிக்கவில்லை.

பிறகு அளந்து பார்த்தோம். நாள் கணக்கில் அணைக்காமல் விட்டால், விசையை யாரும் தொடாத நடுநிலை எதுவென்பதைப் பெட்டி தவறாகக் கணிக்கிறது. கை படாமலே நாற்காலியை ஓட்டிவிடுகிறது. அது நிச்சயம். அப்படியே எழுதினேன். அந்த வகை நாற்காலிகள் எல்லாம் திரும்பப் பெறப்பட்டன. எட்னாவின் மேல் குற்றமில்லை என்றாயிற்று.

ஆனால் அந்தப் பிழை நாற்காலியை நேராக மட்டுமே ஓட்டும். திருப்பாது.

"திரும்பினத என்னன்னு எழுதின?" என்றான் ஃபெர்கஸ்.

"காரணம் தெரியலன்னு."

"தெரியாமலே இருக்கட்டும்."

முடிவு வந்த வாரம் எட்னாவுக்குப் போன் செய்தேன். நன்றி சொன்னார். குரலில் சந்தோஷம் இல்லை.

"கண்ணு, வீட்டு வாசல்ல அவருக்காகப் போட்ட மரச்சாய்வு இருக்கில்ல? தினம் காலைல அதுல ஈரமா ரெண்டு சக்கரத் தடம். மேல ஏறி வருது. எறங்கிப் போன தடத்தக் காணோம்."



"கவர்ன்மென்டு நம்பிடுச்சு" என்றார் எட்னா. "நீங்க ஒரு தடவ வந்து, என் கை இல்லன்னு அவருகிட்டயும் சொல்லிடுறீங்களா?"

நான் பதில் சொல்வதற்குள், அவர் போனிலிருந்து விலகி, யாரிடமோ தாழ்ந்த குரலில் சொன்னது கேட்டது:

"இதோ வந்துட்டேன்."